கிரிட் மொத்தமாக அணையாமல் காப்பது: ஷிப்டில் உட்காருபவருக்கான முழு வழிகாட்டி

பெரிய கிரிட் (மின் வலைப்பின்னல்) சரிவுகளின் விசாரணை அறிக்கைகளைப் படித்தால் ஒன்று திரும்பத் திரும்பத் தெரியும். முதலில் டிரிப் ஆன (தானாகத் துண்டித்துக்கொண்ட) லைனுக்கும் ஊர் இருண்டதற்கும் நடுவே பெரும்பாலும் நேரம் இருந்திருக்கிறது. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடக்கு ஓஹாயோவில் மரத்தில் உரசி முதல் 345 கிலோவோல்ட் லைன் போன பிறகு, நிலைமை கைமீற ஒரு மணி நேரம் ஆனது. அதே ஆண்டு செப்டம்பர் 28 அதிகாலை, சுவிட்சர்லாந்து வழியாக இத்தாலிக்கு மின்சாரம் கொண்டுபோன லைன்களில் முதலாவது போனதற்கும் இரண்டாவது போனதற்கும் இடையே 24 நிமிடங்கள் இருந்தன.

அந்த நேரத்தில் கட்டுப்பாட்டு அறையில் என்ன செய்வது, அதைச் செய்ய முடிவதற்கு முன்கூட்டியே என்னென்ன தயாராக இருக்க வேண்டும் என்பதை வரிசையாக எழுதுகிறேன். வரிசையை மாற்றாதீர்கள். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் நேரே 8ஆம் பகுதிக்குப் போக விரும்புகிறார்கள். முதல் ஏழும் முடிந்திருக்காவிட்டால் எட்டாவதைச் செய்யவே வழி இருக்காது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இன்றைய நிலைக்கு ஏற்பத் திருத்திய ஒற்றைக்கோட்டு வரைபடம். எந்த லைன், எந்த டிரான்ஸ்பார்மர், எந்த கெப்பாசிட்டர் பேங்க் (மின்னழுத்தத்தைத் தூக்கும் கருவித் தொகுப்பு) இப்போது சேவையில் இல்லை என்பது அதில் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு லைனுக்கும் இரண்டு வரம்புகள்: எப்போதும் தாங்குவது, குறுகிய நேரம் மட்டும் தாங்குவது. இரண்டாவதற்குப் பக்கத்தில் எத்தனை நிமிடம் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். நிமிடம் குறிக்காத வரம்பை நம்பி ஆபத்து நேரத்தில் முடிவெடுக்க முடியாது. கோடைக்கும் குளிர்காலத்துக்கும் வரம்புகள் வேறு. வெயிலில் கம்பி நீண்டு தொய்யும், தரையிலிருந்து இருக்கும் இடைவெளி குறையும்.

பக்கத்துக் கிரிட்டின் கட்டுப்பாட்டு அறைக்கு நேரடித் தொலைபேசி இணைப்பு. எல்லைக்கு அப்பால் உள்ள முக்கியமான லைன்களின் நிலையும் உங்கள் திரையில் தெரிய வேண்டும்.

கடைசியாக, யாரையும் கேட்காமல் சுமையை (மின்சாரம் வாங்கும் பகுதிகளை) துண்டிக்க ஷிப்ட் பொறியாளருக்கு எழுத்துப்பூர்வமான அதிகாரம். இதைப் பலர் வெறும் நிர்வாக விஷயமாக நினைக்கிறார்கள். மேலதிகாரியிடம் அனுமதி கேட்டு, அவர் தன் மேலதிகாரியிடம் கேட்டு முடிப்பதற்குள் இரண்டாவது லைன் போய்விடும். இந்தக் கடிதம் இல்லாத கட்டுப்பாட்டு அறையில் மற்ற தயாரிப்புகளுக்குப் பாதிப் பலன்தான்.

2. திரையில் தெரிவது உண்மைதானா என்று பாருங்கள்

ஷிப்ட் ஏற்றவுடன் முதல் வேலை இது. ஸ்கேடா (தூரத்து அளவீடுகளைத் திரைக்குக் கொண்டுவரும் அமைப்பு) எண்கள் மாறிக்கொண்டிருக்கின்றனவா, அலாரம் அமைப்பு உயிரோடு இருக்கிறதா, ஸ்டேட் எஸ்டிமேட்டர் (அளவீடுகளிலிருந்து கிரிட்டின் முழு நிலையைக் கணக்கிடும் மென்பொருள்) கடைசியாக எப்போது சரியான விடை கொடுத்தது என்ற மூன்றையும் பாருங்கள்.

2003இல் ஓஹாயோவின் கட்டுப்பாட்டு அறையில் அலாரம் மென்பொருள் முதல் லைன் போவதற்கு ஏறக்குறைய 50 நிமிடம் முன்பே நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்று சொல்ல இன்னொரு அலாரம் இல்லை. திரை அமைதியாக இருந்ததால் கிரிட்டும் அமைதியாக இருப்பதாக அங்கிருந்தவர்கள் நம்பினார்கள். அந்தப் பகுதியை மேற்பார்வையிட்ட அமைப்பிலோ ஸ்டேட் எஸ்டிமேட்டரைப் பழுதுபார்த்த பிறகு அது தானாக ஓடும்படி மீண்டும் இயக்கிவிட மறந்துபோனது.

அதனால் இரண்டு பழக்கங்கள். ஒன்று, வேண்டுமென்றே ஒரு சோதனை அலாரத்தை அனுப்பிப் பாருங்கள். இரண்டு, துணைமின் நிலையத்திலிருந்தோ பக்கத்துக் கிரிட்டிலிருந்தோ தொலைபேசியில் வரும் தகவல் உங்கள் திரையோடு ஒத்துப்போகாவிட்டால் திரையைச் சந்தேகியுங்கள். அன்றைக்கு ஓஹாயோவுக்கும் அப்படி அழைப்புகள் வந்தன. ‘எங்கள் திரையில் எல்லாம் சரியாக இருக்கிறதே’ என்ற நினைப்பில் அவை கரைந்துபோயின.

3. ‘இது போனால் என்ன ஆகும்?’ என்று ஒவ்வொன்றாகக் கணக்கிடுங்கள்

என்-1 என்று சொல்வது இதைத்தான். ஏதாவது ஒரு லைனோ டிரான்ஸ்பார்மரோ ஜெனரேட்டரோ திடீரென்று போனாலும் மீதமுள்ளவை வரம்புக்குள் இருக்க வேண்டும். விதி எளிது. அதை எப்போது சரிபார்ப்பது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள்.

ஒரு கணக்கு போடுவோம். இரண்டு பகுதிகளுக்கு நடுவே ஒரே மாதிரி மூன்று லைன்கள். ஒவ்வொன்றும் 500 மெகாவாட் தாங்கும். மொத்தம் 1000 மெகாவாட் போகிறது, அதாவது லைனுக்குச் சுமார் 333. ஒன்று போனால் மீதி இரண்டிலும் 500 வரும். வரம்பைத் தொடும், தாண்டாது. ஆகவே இப்போது என்-1 சரி.

இனி அந்த ஒரு லைன் உண்மையாகவே போய்விட்டது. இரண்டு லைனிலும் 500. திரையில் சிவப்பு எதுவும் இல்லை. இங்கேதான் புதியவர் ‘தாங்கிவிட்டது, சரி’ என்று மூச்சு விடுகிறார். ஆனால் இந்தப் புதிய நிலையில் இன்னொன்று போனால் கடைசி லைனில் 1000 விழும், அதன் வரம்பைப் போல இரண்டு மடங்கு. அடுத்த டிரிப்புக்கு முன் மொத்த ஓட்டத்தை 500 மெகாவாட்டுக்குக் குறைத்தாக வேண்டும். அதாவது முதல் டிரிப்போடு உங்கள் வேலை தொடங்குகிறது.

மூன்று லைன்களும் ஒரே இம்பிடன்ஸ் (மின்னோட்டத்துக்கான தடை) கொண்டவை என்பதால் மேலே சமமாகப் பங்கிட்டோம். நடைமுறையில் அப்படி அமைவது அரிது. இம்பிடன்ஸ் குறைந்த லைன் முதலில் நிரம்பும், மற்றவற்றில் இடம் இருந்தாலும் உதவாது. லைன்களின் வரம்புகளைக் கூட்டி ‘இவ்வளவு அனுப்பலாம்’ என்று முடிவு செய்வது அடிக்கடி பார்க்கும் பிழை.

இந்தக் கணக்கைக் கணினி சில நிமிடங்களுக்கு ஒருமுறை செய்யட்டும். உற்பத்தியோ சுமையோ பெரிதாக மாறும்போதும், எந்த பிரேக்கர் (லைனை வெட்டும் பெரிய சுவிட்ச்) திறந்தாலும், நீங்களே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

4. ரிலே அமைப்புகளை ஓட்டத்தோடு ஒப்பிடுங்கள்

ரிலே (பழுதைக் கண்டதும் பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் கருவி) பாதுகாப்புப் பிரிவின் வேலை, ஓட்டம் இயக்கப் பிரிவின் வேலை என்று பிரித்துவைப்பதால் வரும் சேதம் பெரிது. டிஸ்டன்ஸ் ரிலே மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து, கிடைக்கும் இம்பிடன்ஸ் குறைவாக இருந்தால் பழுது என்று முடிவெடுக்கிறது. லைனில் பழுதே இல்லாமல் மின்னழுத்தம் 85 சதவீதமாகக் குறைந்து, மின்னோட்டம் ஒன்றரை மடங்கானால், ரிலே காணும் இம்பிடன்ஸ் 57 சதவீதத்துக்கு இறங்கிவிடும். தூரத்துப் பழுதுகளுக்காக நீட்டிவைத்த சோன் 3 என்ற எல்லைக்குள் அது நுழையலாம். கிரிட்டுக்கு அந்த லைன் மிகவும் தேவைப்படும் நொடியில் ரிலே அதை வெட்டிவிடும்.

2003இல் ஓஹாயோவின் சரிவைத் தொடர் சரிவாக மாற்றிய லைன் இப்படித்தான் டிரிப் ஆனது. 2012 ஜூலை 30 அன்று இந்தியாவின் வடக்குக் கிரிட்டைப் பிரித்த 400 கிலோவோல்ட் பீனா–குவாலியர் லைனும் பழுதில்லாமல் சோன் 3இல்தான் போனது.

செய்ய வேண்டியது: சோன் 3 இருக்கும் ஒவ்வொரு லைனுக்கும், மின்னழுத்தம் 85 சதவீதத்தில் இருக்கும்போது அதிகபட்சப் பருவ வரம்பைப்போல் ஒன்றரை மடங்கு ஓட்டத்திலும் ரிலே வெட்டாது என்று சரிபாருங்கள். வட அமெரிக்க விதிகள் ஏறக்குறைய இந்த அளவைத்தான் கேட்கின்றன.

அப்புறம், இரு முனைகளும் வேறு வேறு நிறுவனங்களின் கையில் இருக்கும் லைன்களைத் தனியாகப் பட்டியலிடுங்கள். 2006 நவம்பர் 4 அன்று ஜெர்மனியின் லாண்டஸ்பெர்கன்–வேரன்டார்ஃப் லைனில் ஒரு முனையின் வரம்பு மறுமுனையைவிடக் குறைவாக இருந்தது. அது அந்த நேரத்தில் இயக்குபவரின் கணக்கில் இல்லை. லைன் போனதும் ஐரோப்பியக் கிரிட் மூன்றாகப் பிளந்தது.

5. மின்னழுத்தத்தைத் தனியாகக் கவனியுங்கள்

அதிர்வெண் கிரிட் முழுவதற்கும் ஒன்று. மின்னழுத்தம் அப்படியில்லை, ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொன்று. அதைத் தாங்கும் ரியாக்டிவ் பவர் வெகு தூரம் பயணிக்காது. 300 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஜெனரேட்டரில் கையிருப்பு இருக்கிறது என்பது இங்கே மின்னழுத்தம் தளர்ந்த துணைமின் நிலையத்துக்குப் பெரிதாக உதவாது. எனவே கையிருப்பைப் பகுதிவாரியாகக் கணக்கிடுங்கள்.

மின்னழுத்தம் நன்றாக இருக்கிறது என்பதால் மட்டும் ஆபத்து இல்லை என்று முடிவெடுக்காதீர்கள். இந்தப் பகுதியில் எல்லோரும் செய்யும் பிழை அதுதான். கெப்பாசிட்டர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் மின்னழுத்தம் சரியாகவே தெரியும். உள்ளே கையிருப்பு தீர்ந்துகொண்டிருக்கும். கெப்பாசிட்டர் தரும் ரியாக்டிவ் பவர் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னழுத்தம் 90 சதவீதமானால் அது தருவது 81 சதவீதம்தான். தேவைப்படும்போது குறைத்துத் தரும் துணை அது. டிரான்ஸ்பார்மரின் டேப் சேஞ்சரோ (மின்னழுத்த விகிதத்தை மாற்றும் அமைப்பு) கீழ்ப்பக்க மின்னழுத்தத்தைத் தூக்கி நிறுத்தி, குறைந்திருந்த சுமையை மறுபடி முழுதாக்கி, மேல்பக்கத்தை இன்னும் இழுக்கும்.

1987 ஜூலை 23 அன்று டோக்கியோவில் மதிய இடைவேளை முடிந்ததும் சுமை நிமிடத்துக்குச் சுமார் 400 மெகாவாட் வேகத்தில் ஏறியது. கெப்பாசிட்டர்கள் சேர்க்கப்பட்டும் மின்னழுத்தம் சரிந்துகொண்டே போய், சுமார் 8000 மெகாவாட் சுமை போயிற்று.

அதனால் இந்த வரிசையில் செய்யுங்கள். சுமை ஏறுவதற்கு முன்பே கெப்பாசிட்டர்களைச் சேர்த்து, ஜெனரேட்டர்களின் ரியாக்டிவ் கையிருப்பைத் தொடாமல் வைத்திருங்கள். ஜெனரேட்டர் நொடியில் பதில் தரும், கெப்பாசிட்டர் தராது. வேகமானதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு பகுதியிலும் ஒரு ஜெனரேட்டர் போனால் மீதிக் கையிருப்பு போதுமா என்று பாருங்கள். போதாவிட்டால் அந்தப் பகுதிக்குள் வரும் ஓட்டத்தைக் குறைப்பதே வழி.

மின்னழுத்தம் கூடினாலும் இதே அளவு ஆபத்துதான். சுமை குறைந்த நீண்ட லைன்கள் தாங்களே ரியாக்டிவ் பவரை உண்டாக்கும். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டது மின்னழுத்தம் கட்டுப்பாடின்றி ஏறியதால். ஏறிய மின்னழுத்தம் மின் உற்பத்தி நிலையங்களைத் துண்டிக்க, அவை போகப்போக மின்னழுத்தம் மேலும் ஏறியது. சூரிய மின்சாரமே சுமையின் பெரும்பகுதியைத் தாங்கி, பெரிய சுழலும் ஜெனரேட்டர்கள் குறைவாக ஓடும் நேரங்களில் ரியாக்டர்கள் (ரியாக்டிவ் பவரை உறிஞ்சும் சுருள்கள்) எத்தனை கையில் இருக்கின்றன, யார் ரியாக்டிவ் பவரை உறிஞ்சப்போகிறார்கள் என்பதை முந்தைய நாளே முடிவு செய்துவிடுங்கள்.

6. அதிர்வெண்ணுக்கான கையிருப்பை வேகத்தோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்

மிகப் பெரிய ஜெனரேட்டர் போனால் ஈடுகட்ட எத்தனை மெகாவாட் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்வது பழைய வழக்கம். எவ்வளவு வேகமாக அதிர்வெண் விழும் என்பதும் வேண்டும்.

50 ஹெர்ட்ஸ் கிரிட்டில் 1000 மெகாவாட் உற்பத்தி திடீரென்று நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடும் திறன் 40,000 மெகாவாட், நிலைம மாறிலி (சுழலும் இயந்திரங்களில் சேர்ந்துள்ள ஆற்றலின் அளவு) 5 நொடி என்றால் தொடக்கத்தில் நொடிக்குச் சுமார் 0.125 ஹெர்ட்ஸ் விழும். கவர்னர்கள் (ஜெனரேட்டரின் வேகத்தைச் சீராக்குபவை) எழுந்து வேலை செய்ய நேரம் உண்டு. அதே இழப்பு 5000 மெகாவாட் கொண்ட, மாறிலி 2 நொடியான சிறிய பகுதியில் நேர்ந்தால் நொடிக்கு 2.5 ஹெர்ட்ஸ். 49 ஹெர்ட்ஸைத் தொட அரை நொடிகூட ஆகாது.

பெரிய கிரிட்டோடு ஓரிரு லைன்களால் மட்டும் இணைந்த பகுதிகளுக்கு இந்தக் கணக்கைப் பிரிந்துபோன நிலையிலும் போட்டுப் பாருங்கள். 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் புயலால் மின்னழுத்தம் அடுத்தடுத்துத் தாழ்ந்தது. இத்தனை முறைக்கு மேல் தாழ்ந்தால் விலகு என்று காற்றாலைகளில் வைத்திருந்த அமைப்பால் 456 மெகாவாட் சில நொடிகளில் குறைந்தது. பக்கத்து மாநில இணைப்பு ஓவர்லோடாகிப் பிரிந்தது. மீதியைத் தாங்கத் தானியங்கி லோட் ஷெட்டிங்குக்கு நேரமே கிடைக்கவில்லை. ஆகவே காற்றாலை, சூரிய மின் நிலையங்களின் கட்டுப்பாட்டு அமைப்புகளையும் 4ஆம் பகுதியில் சொன்ன பட்டியலில் சேருங்கள்.

7. பராமரிப்புக்கு லைன் எடுக்கும் முன்

திட்டமிட்டுத் திறக்கும் பிரேக்கரும் கிரிட்டுக்கு ஒரு டிரிப்தான். அனுமதி தரும் நாளில் ஒரு கணக்கு, திறப்பதற்குச் சற்று முன் இன்னொரு கணக்கு, இரண்டும் வேண்டும். நடுவில் நேரம் மாற்றப்பட்டால் பழைய கணக்கு செல்லாது. 2006 ஜெர்மனி சம்பவத்தில் கப்பல் ஒன்று ஆற்றில் லைன்களுக்கு அடியே செல்வதற்காக அவற்றைத் திறக்கும் நேரம் முன்னுக்குக் கொண்டுவரப்பட்டது. பக்கத்து நிறுவனங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. முழுமையான என்-1 கணக்கும் ஓட்டப்படவில்லை.

ஒரே வழித்தடத்தில் இரண்டு லைன்களுக்கு ஒரே காலத்தில் அனுமதி தராதீர்கள். திறந்த லைனை எத்தனை நிமிடத்தில் திரும்பச் சேர்க்க முடியும் என்பதையும் அனுமதிச் சீட்டிலேயே எழுதுங்கள்.

வழித்தடத்தில் மரம் வெட்டும் அட்டவணையும் இந்தப் பகுதியில்தான் வரும். ஓஹாயோவில் முதலில் போன லைன் தன் வரம்பில் பாதிகூடச் சுமக்கவில்லை. மரம் அவ்வளவு வளர்ந்திருந்தது.

8. லைன் டிரிப் ஆனது: அடுத்த அரை மணி நேரம்

வட அமெரிக்க விதிகளில் கிரிட்டையே குலைக்கக்கூடிய வரம்பு மீறலைச் சரிசெய்ய அதிகபட்சம் 30 நிமிடம். நீங்கள் 15க்குள் முடிக்க முயலுங்கள். குறுகிய நேர வரம்பு பல லைன்களில் அதற்கு மேல் நீளாது.

முதலில், என்ன போனது என்று உறுதி செய்யுங்கள். ஏன் போனது என்பது பிறகு. காரணம் தேடுவதில் முதல் பத்து நிமிடத்தைச் செலவிடுவதுதான் இந்தக் கட்டத்தில் நான் அதிகம் பார்த்த பிழை. காரணத்தைக் கண்டுபிடிக்க வேறொருவரை அமர்த்துங்கள். உங்கள் கண் மீதமுள்ள லைன்கள் மேல் இருக்கட்டும்.

இரண்டாவது, புதிய நிலைக்கு என்-1 கணக்கை உடனே ஓட்டுங்கள். அடுத்து எது போனால் ஆபத்து என்ற ஒரே கேள்விக்கு விடை எடுங்கள். அந்த லைனின் பெயரை அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.

மூன்றாவது, பக்கத்துக் கிரிட்டை அழையுங்கள். எண்ணோடும் நேரத்தோடும் பேசுங்கள்: ‘இந்த லைனில் இவ்வளவு மெகாவாட் குறைய வேண்டும், இத்தனை மணிக்குள்’. 2003இல் இத்தாலிக்கு முதல் அழைப்பு போகவே பத்து நிமிடம் ஆனது. இறக்குமதியில் 300 மெகாவாட் குறைக்கச் சொன்னார்கள். குறைத்தார்கள். ஆனால் அது போதுமான அளவாக இல்லை.

நான்காவது, போன லைனைத் திரும்பச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். இரு முனைகளின் கோண வேறுபாட்டை (இரு பக்க மின்னழுத்த அலைகள் எவ்வளவு முன்பின்னாக இருக்கின்றன என்பதை) பார்க்காமல் முயலாதீர்கள். இத்தாலி சம்பவத்தில் வேறுபாடு 42 டிகிரி. பாதுகாப்பு அமைப்பு இணைக்க மறுத்தது, திரும்பத் திரும்ப முயன்றதில் நேரம்தான் போனது. கோணம் பெரிதாக இருந்தால் இரு பக்கத்து உற்பத்தியையும் மாற்றி முதலில் அதைக் குறைக்க வேண்டும். ஒருமுறை மறுத்தால் சேர்க்கும் முயற்சியை நிறுத்திவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

ஐந்தாவது, உற்பத்தியை இடம் மாற்றுங்கள். அனுப்பும் பக்கம் குறையட்டும், வாங்கும் பக்கம் கூடட்டும். பஸ் கப்ளரை (துணைமின் நிலையத்தின் பொது மின்தண்டுகளான பஸ்பார்களை இணைக்கும் பிரேக்கர்) திறப்பது, மூடுவது போன்ற மாற்றங்கள் வேகமானவை. ஆனால் கணக்குப் போடாமல் செய்யவே கூடாது. 2006இல் லாண்டஸ்பெர்கனில் பஸ்பார்களை இணைத்தால் மின்னோட்டம் 80 ஆம்பியர் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 67 ஆம்பியர் கூடி, லைன் உடனே டிரிப் ஆனது.

ஆறாவது, உற்பத்தி மாற்றம் நேரத்துக்குள் போதாது என்று தெரிந்த அந்த நிமிடமே சுமையைத் துண்டியுங்கள். எங்கே துண்டிப்பது என்பதுதான் முக்கியம். ஓவர்லோடான லைனின் வாங்கும் பக்கத்தில் துண்டித்தால்தான் பலன். ஓஹாயோவில் கிளீவ்லாந்து–ஆக்ரன் பகுதியில் 1500 மெகாவாட் சுமையை முன்கூட்டியே துண்டித்திருந்தால் சரிவு பரவியிருக்காது என்று விசாரணை சொன்னது. அன்று மொத்தம் 61,800 மெகாவாட் போனது. சில ஊர்களைச் சில நிமிடங்கள் இருட்டாக்குவது கையெழுத்துப் போடுபவருக்குக் கடினமான முடிவு. அதைச் செய்பவரை மறுநாள் கேள்வி கேட்காமல் காப்பது நிர்வாகத்தின் கடமை.

ஏழாவது, இரண்டாவது படிக்குத் திரும்பிப் போங்கள். என்-1 சரியானால்தான் வேலை முடிந்தது.

9. தானியங்கி லோட் ஷெட்டிங்கைச் சோதியுங்கள்

நொடிகளில் நடப்பதை மனிதர் பிடிக்க முடியாது. அதற்குத்தான் அதிர்வெண் ரிலேக்கள். 2019 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டனில் கையிருப்பை மீறி உற்பத்தி போனபோது, 48.8 ஹெர்ட்ஸில் சுமார் 10 லட்சம் இணைப்புகளைத் துண்டித்து இந்த ஏற்பாடுதான் கிரிட்டைக் காப்பாற்றியது.

ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு ஃபீடரையும் (ஊர்ப்பகுதிகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைன்) பகல், இரவு இரண்டிலும் அளந்து பாருங்கள். கூரைச் சூரிய மின்சாரம் நிறைந்த ஃபீடர் நண்பகலில் மேலே அனுப்பிக்கொண்டிருக்கும். அதைத் துண்டித்தால் சுமைக்குப் பதில் உற்பத்தி போகும். பழைய பட்டியலை அப்படியே வைத்திருப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. கையால் துண்டிக்கும் ஃபீடர்களும் தானியங்கிப் பட்டியலில் உள்ளவையும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள். கையால் ஏற்கெனவே துண்டித்துவிட்ட ஃபீடரை ரிலே மறுபடி துண்டிக்க முடியாது.

10. அப்படியும் அணைந்துவிட்டால்

வெளி மின்சாரமின்றித் தானே எழக்கூடிய நிலையங்களையும், அவற்றிலிருந்து பெரிய நிலையங்களுக்குப் போகும் பாதையையும் தாளில் அச்சிட்டு வைத்திருங்கள். கணினியும் அப்போது அணைந்திருக்கலாம். துணைமின் நிலைய பேட்டரிகள் சில மணி நேரமே தாங்கும் என்பதால் பேட்டரியில் ஓடும் தேவையற்ற கருவிகளை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பேட்டரி போனால் பிரேக்கரைத் தூரத்திலிருந்து இயக்க முடியாது.

நீண்ட லைனை வெறுமையாக மின்னேற்றினால் மறுமுனையில் மின்னழுத்தம் ஏறும், எனவே ரியாக்டரை முதலில் சேருங்கள். சுமையைச் சிறு துண்டுகளாகச் சேருங்கள். நீண்ட நேரம் அணைந்திருந்த ஃபீடர் திரும்ப வரும்போது வழக்கத்தைவிட அதிகம் இழுக்கும். ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் அதிர்வெண் நிலைபெறும்வரை காத்திருங்கள்.

இந்தப் பாதையை ஆண்டுக்கு ஒருமுறை உண்மையான நிலையத்தோடு ஓட்டிப் பாருங்கள். வரைபடத்தில் இருக்கும் டீசல் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகிறதா என்பது அங்கே போய் ஓட்டினால்தான் தெரியும்.